சிக்கா, சாமியா

தலையை வாராமல் விட்டார்கள். சிக்கு விழுந்தது. சிக்கு சடையாயிற்று. சடை சாமியாயிற்று. நடந்தது அவ்வளவுதான். அதை அவிழ்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

மலையடிவாரத்தில் ஓர் ஆசிரமம். பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டுச் சாய்ப்பு, ஓர் அடுப்படி, பின்னால் ஓடை. மேலே தேயிலைத் தோட்டம், கீழே தென்னை. உலகம்மை அங்கே இருந்தார். வருகிறவர்களுக்குத் தலைக்கு எண்ணெய் காய்ச்சிக் கொடுப்பார். ஏதாவது கேட்டால் இரண்டு வார்த்தை சொல்வார். கேட்காவிட்டால் அதுவும் கிடையாது.

சீடர் என்று ஒருவர்தான். சண்முகக்கனி. பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிட வயதில் மூத்தவர். கழுத்தில் விசில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. குரு அவரை 'டீச்சர்' என்பார். டீச்சர் குருவை 'அம்மா' என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு யார் யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று குழப்பம் வரும். வரட்டும்.

கனி டீச்சர் தியானம் பழக வந்தவர். வந்த அன்றே அவரை அடுப்புக்கு முன்னால் உட்கார வைத்தார் உலகம்மை. இரும்புச் சட்டியில் தேங்காய் எண்ணெயும் கரிசலாங்கண்ணிச் சாறும் கொதித்தன.

"எப்ப இறக்கணும், அம்மா?"

"சத்தம் அடங்கினா."

எண்ணெய் சடசடத்தது. டீச்சர் கிளறினார். எழுந்தார். உட்கார்ந்தார். விறகை இழுத்தார், தள்ளினார்.

"நல்லா பச்சையா வந்திருச்சு. இறக்கிரவா?"

"இன்னும் பேசிக்கிட்டிருக்கே."

"யாரு?"

"எண்ணெய். உள்ளே தண்ணி இருக்கிறவரைக்கும் பேசும்."

டீச்சருக்குப் பொறுக்கவில்லை. குரு ஓடைப் பக்கம் போன நேரம் பார்த்துச் சட்டியை இறக்கிவிட்டார். அந்த எண்ணெய் சீக்கிரமே பூத்து நாற்றமெடுத்தது. உலகம்மை முகர்ந்து பார்த்தார். மறுபடி அடுப்பைக் காட்டினார்.

டீச்சர் அதற்குப் பிறகும் மாறிவிடவில்லை. அடுப்படியிலிருந்து வாசலுக்கும் வாசலிலிருந்து ஓடைக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

அப்போதுதான் அந்த இரண்டு பெண்களும் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார்கள்.

முன்னால் வந்தவளுக்குக் கட்டைக் குரல். கையில் பை, இடுப்பில் சாவிக்கொத்து. வழியில் கிடந்த கல்லையெல்லாம் குனிந்து பொறுக்கி எறிந்துகொண்டே வந்தாள். பின்னால் வருகிறவள் காலில் இடித்துவிடக் கூடாதாம். பின்னால் வந்தவள் மஞ்சள் துண்டால் தலையை மூடியிருந்தாள். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். நடை மட்டும் தலைச்சுமைக்காரியின் நடை.

"என் பேரு பேச்சி. இது என் தம்பி பெஞ்சாதி பூரணம்," என்றாள் முன்னால் வந்தவள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பேர் சொல்லப்படாது. எங்க ஊரு பேச்சியம்மன் இவுக தலையில இறங்கியிருக்கா. உக்காருங்க தாயே."

துண்டை எடுத்தாள். பிடரியிலிருந்து இடுப்பு வரை ஒரே சடை. முடி என்று சொல்ல முடியாது. நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்த தேர்வடம் போல இருந்தது. மேலே குங்குமம் அப்பிக் கட்டி கட்டியாகக் காய்ந்திருந்தது.

டீச்சர் கையை நீட்டினார்.

"தொடாதீக!" என்று ஒரு சத்தம் போட்டாள் பேச்சி. "தலைவலி தாங்க முடியாம சுவத்துல முட்டுதாக. தூக்கம் கிடையாது. மண்டையில தடவ எண்ணெய் தாங்க, அது போதும். சடையில மட்டும் யாரும் கை வைக்கப்படாது."

சொல்லிவிட்டு உலகம்மையின் தலையைப் பார்த்தாள். ஒட்ட மழித்த தலை.

"உங்க தலையில ஒண்ணையும் காணோம். நீங்க தார எண்ணெயிலயா முடி வளருது?"

"நான் தேய்க்கிறதில்ல. அதான் ஊருக்கு மிச்சமிருக்கு."

பேச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். சாமிக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கலாமா என்ற பயம்.

"தங்குங்க," என்றார் உலகம்மை.

தங்கினார்கள். காலையில் எழுந்ததும் பேச்சி குளித்துவிட்டு வருவாள். பூரணத்தின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுவாள். சீக்கிரம் எழுந்திருக்கமாட்டாள். பூரணம் காலை உள்ளே இழுத்துக்கொள்வாள். பேச்சியின் கை பின்னாலேயே போய் அந்தக் காலைப் பிடித்துக்கொள்ளும். பிறகு நாளெல்லாம் வாசலை அடைத்து உட்கார்ந்திருப்பாள். எண்ணெயைக்கூட டீச்சர்தான் தடவ வேண்டும். பேச்சி கை வைக்கமாட்டாள். தடவுவதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு இருப்பாள்.

ஒரு நாள் ஓடைக்கரையில் பூரணமும் டீச்சரும் மட்டும் இருந்தார்கள். பூரணம் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"டீச்சர், இதை அவிழ்த்து விடுங்க."

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சாமின்னாங்களே?"

"எனக்குச் சாமியும் தெரியல, ஒண்ணும் தெரியல. என் மகன் போனான். ஆறு வயசு. பிறகு நான் எந்திரிக்கவே இல்ல, படுத்தே கிடந்தேன். அதுக்கு முன்னாடியெல்லாம் வெள்ளிக்கிழமைன்னா மைனிதான் எனக்கு எண்ணெய் வச்சுச் சிக்கெடுத்து விடுவாக. பேச்சி மைனிதான். நான் அவுகளுக்கு எடுத்து விடுவேன். ரெண்டு பேரும் ஊர்க்கதையெல்லாம் பேசி முடிச்சுதான் எந்திரிப்போம். மகன் போன பிறகு மைனி சீப்பை எடுத்துக்கிட்டு வரவே இல்ல. தூரத்துல நின்னு பாத்துட்டுப் போயிருவாக. தலை அப்படியே கட்டிப் போச்சு. ஒரு நாள் வந்தாக. பாத்தாக. அம்மன் வந்துட்டான்னு கால்ல விழுந்துட்டாக. ஊரே பின்னால வந்து விழுந்துட்டு."

"நீ மறுத்துச் சொல்லலையா?"

"வாயத் திறந்தா வாக்கு சொல்லுதேன்னு கேக்க உக்காந்துருதாக, டீச்சர்."

டீச்சர் விசிலைப் பிடித்துத் திருகினார்.

"அம்மனுக்குக் கொடைத் திருவிழா வருது. பந்தக்கால் நட்டாச்சு," என்றாள் பூரணம். "அன்னைக்கு என்னைக் கோயில்ல உக்கார வைக்கப் போறாக. ஒருக்க உக்காந்துட்டா அவ்வளவுதான். பிறகு எனக்கு வீடு கிடையாது. சாகுற வரைக்கும் கோயில்தான். இப்பவே எங்க வீட்டுக்காரரு என்னைத் தாயேங்காரு."

"அடுப்படியில கத்தரி கிடக்கு. ஒரு நிமிஷ வேலை. வா."

"வேண்டாம்!" பூரணம் இரண்டு கையாலும் சடையைப் பிடித்துக்கொண்டாள். "அவன் இதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவான். வெட்டாதீக. வெட்டினா ஊரும் விடாது. அம்மனை வெட்டினவன்னு வீட்டுக்குள்ளயும் சேக்கமாட்டாக. தானா அவிழ்ந்தா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. கொடைக்குள்ள அவிழணும், டீச்சர்."

டீச்சர் நேரே குருவிடம் போனார். உலகம்மை அம்மியில் வெந்தயம் அரைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரே கேள்வி. அது சாமியா, சிக்கா?"

"எண்ணெய் வச்சுப் பாருங்க."

"அவிழ்ந்தா?"

"சிக்கு."

"அவிழலேன்னா?"

"இன்னும் கொஞ்சம் வைங்க."

"அப்பவும் அவிழலேன்னா சாமியா?"

"சாமிக்கும் எண்ணெய்தானே வைக்கிறோம்."

டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தார்.

பேச்சி குளிக்கப் போகும் நேரம்தான் கிடைத்த நேரம். டீச்சர் பூரணத்தைக் வாசல் பக்கம் உட்கார வைத்துச் சடையில் எண்ணெயை ஊற்றினார். உச்சியிலிருந்து சீப்பைப் போட்டார். சீப்பின் பல் முறிந்தது. விரலை விட்டு இழுத்தார். முடி அறுந்து கையோடு வந்தது. பூரணம் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும் அதே கதை. எங்கோ கீழே ஊர்ப்பக்கம் கொட்டு பழகும் சத்தம் கேட்டது. அது எந்த ஊர்க் கொட்டோ. பூரணம் ஒவ்வொரு அடிக்கும் தலையைத் தூக்கினாள். டீச்சருக்குக் கை இன்னும் வேகமாயிற்று. இன்னும் அறுந்தது.

"அழுக்கு," என்று முடிவு செய்தார் டீச்சர். "அழுக்கு போகாம சிக்கு போகாது."

அன்று பிற்பகல் உலகம்மை தேயிலை பறிக்க மேலே போயிருந்தார். பேச்சி வெக்கை தாங்காமல் மறுபடி குளிக்க ஓடைக்குப் போயிருந்தாள். டீச்சர் ஒரு படி சீயக்காயைக் கரைத்தார். சடையை நன்றாகத் தேய்த்து அலசி வெயிலில் உட்கார வைத்தார்.

சடை காயக் காய இறுகியது. தளர்வாக இருந்த இடமும் கட்டிக்கொண்டது. பிடரித் தோல் இழுபட்டு பூரணத்தின் புருவம் மேலே ஏறி நின்றது. தலையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு முனகினாள். டீச்சர் விசிறினார். விசிறினால் இன்னும் காயும், இன்னும் இறுகும் என்பதும் அவருக்குத் தோன்றவில்லை.

பேச்சி வந்துவிட்டாள்.

"யாரு நனைச்சது? சாமி சடைய யாரு நனைச்சது?"

"நான்தான்," என்றார் டீச்சர். "தலைன்னா கழுவணும். எங்க பள்ளிக்கூடத்துல..."

"இது பள்ளிக்கூடமா? விசில் ஊதினா சாமி வந்து வரிசையில நிக்குமா? ஒரு நாளைக்கு அரை மணி நேரம் குளிக்கப் போனது என் குத்தம். கிளம்புங்க தாயே. கடைசி பஸ்ஸு இருக்கு."

சேலைகளைப் பைக்குள் திணித்தாள். பூரணத்தால் எழுந்திருக்க முடியவில்லை. மலையில் மழை இறங்கிவிட்டது. உலகம்மை தேயிலைக் கூடையோடு நனைந்து வந்து நின்றார். சடையைப் பார்த்தார். டீச்சரைப் பார்க்கவில்லை. கூடையை இறக்கிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்து எண்ணெய்ச் சட்டியை ஏற்றினார். புதுச் சாறு ஊற்றினார். சடசடவென்று சத்தம் எழுந்தது.

"நாங்க போறோம்," என்றாள் பேச்சி.

"சடைக்குள்ள இன்னும் ஈரம். மழை வேற," என்றார் உலகம்மை. "விடியட்டும், பார்ப்போம்."

சாதாரண வார்த்தை. நீங்களும் நானும் தினம் சொல்லுகிறோம். பேச்சியின் கையிலிருந்த பை கீழே விழுந்தது.

"என்ன சொன்னீக?"

"விடியட்டும்னேன்."

"அதைச் சொல்லாதீக! அந்தச் சொல்லைச் சொல்லாதீக!"

டீச்சர் பயந்து ஓரடி பின்னால் போனார். பேச்சி தலையில் அடித்துக்கொண்டாள். தலையில், மார்பில், மறுபடி தலையில்.

"அன்னைக்கும் இப்படித்தான் மழை. பிள்ளைக்கு உடம்பு கொதிக்கு. இவ சொன்னா, மைனி, ஆட்டோவக் கூப்பிடுங்க, ஆசுபத்திரிக்குப் போயிருவோம்னா. நாந்தான் சொன்னேன். மழையில தூக்கிட்டுப் போனா காய்ச்சல் கூடும்ட்டி, விடியட்டும்னேன். நாந்தான். என் வாயிதான். விடியதுக்குள்ள..."

டீச்சர் தண்ணீர் எடுக்க எழுந்தார். உலகம்மை அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இருங்க."

"அம்மா, விழுந்திரப் போறாங்க!"

"சத்தம் அடங்கட்டும்."

எந்தச் சத்தத்தைச் சொல்கிறார் என்று டீச்சருக்குப் புரியவில்லை. அடுப்பில் எண்ணெய் கத்திக்கொண்டிருந்தது. ஓட்டில் மழை. நடுவில் பேச்சி.

"நீ என்னைய ஒரு வார்த்தை கேட்டியா?" பேச்சி பூரணத்தின் பக்கம் திரும்பிவிட்டாள். "ஒரு வார்த்தை! வைதிருக்கலாம்லா? செருப்பெடுத்து அடிச்சிருக்கலாம்லா? சுவத்தப் பாத்துப் படுத்துக்கிட்டா நான் யாருகிட்டப் போயிச் சொல்ல? சீப்பை எடுத்துக்கிட்டு வாசல் வரைக்கும் வருவேன். உன் தலையத் தொட இந்தக் கைக்கு என்ன யோக்கியதைன்னு திரும்பிப் போவேன். தம்பி பெஞ்சாதி கால்ல எப்படி விழுவேன்? ஊரு சிரிக்காதா? சாமின்னா விழலாம். தினம் விழலாம். யாரும் ஏன்னு கேக்கமாட்டாக."

நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள்.

பூரணம் தலையைத் தாங்கியபடியே இருந்தாள்.

"மைனி," என்றாள்.

பேச்சி நிமிரவில்லை.

"நீங்க சொன்னீக. நானும் சரின்னு சொல்லிட்டுத்தானே படுத்தேன்."

மழை மட்டும் பெய்தது. எண்ணெய் எப்போது அடங்கியது என்று டீச்சர் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது சட்டி சலனமில்லாமல் இருந்தது. அடி தெரிந்தது. உலகம்மை அதை இறக்கி, துணியில் வடிகட்டி, சூடு பொறுக்கும் பதத்துக்கு ஆற்றினார். கிண்ணத்தைக் கொண்டுபோய்ப் பேச்சியின் முன்னால் வைத்தார்.

"இது ஆறிரும்," என்றார்.

பேச்சி கிண்ணத்தைப் பார்த்தாள். "இது அம்மன் சடை. நான் எப்படி..."

"நுனியிலேர்ந்து."

உலகம்மை எழுந்து போய்விட்டார்.

டீச்சரும் போயிருக்கலாம். போகவில்லை. கதவோரம் நின்றார்.

பேச்சி பூரணத்தின் பின்னால் போய் உட்கார்ந்தாள். கையில் எண்ணெயை எடுத்தாள். எண்ணெய் தரையில் சொட்டியது. மறுபடி எடுத்தாள். சடையின் கடைசி நுனியை, விரற்கடை அளவு, உள்ளங்கைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டாள். அப்படியே வைத்திருந்தாள். டீச்சர் அந்த நேரத்துக்குள் மூன்று சீப்பை உடைத்திருப்பார். பேச்சி இரண்டு விரலால் நுனியை மெல்லப் பிசைந்தாள். ஒரு முடி தனியாக வந்தது. அதை எடுத்து ஓரமாக விட்டாள். பிறகு இன்னொன்று.

"தாயே, வலிக்கா?"

பூரணம் மெல்லத் தலையைத் திருப்பினாள்.

"ஏட்டி, தலைய ஆட்டாம இரு. ஆட்டினா நான் எப்படி எடுக்க?"

சொன்ன பிறகுதான் பேச்சிக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது. கை அப்படியே நின்றுவிட்டது. பூரணத்தின் தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. குலுங்கிக்கொண்டே இருந்தது.

"ஆட்டாதேன்னுதானே சொன்னேன்," என்றாள் பேச்சி. அவள் மூக்கும் ஒழுகியது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

டீச்சர் அடுப்படிக்கு ஓடினார்.

"அம்மா, அவிழுது! ஒரு முடி, ரெண்டு முடி, அவிழுது! இப்பவாவது சொல்லுங்க. சாமியா, சிக்கா?"

"எண்ணெய் போதுமான்னு பாத்தீங்களா?"

டீச்சர் பார்க்கவில்லை. பார்க்கப் போனார்.

ஒரே நாளில் முடிகிற காரியம் கிடையாது. பேச்சி விடிந்ததும் உட்காருவாள். வெளிச்சம் போனதும் எழுவாள். டீச்சருக்கு அரைக்கிற வேலை. செம்பருத்தி இலையை நசுக்கி வழுவழுவென்று சாறு எடுப்பார். ஊறிய வெந்தயத்தை வெண்ணெயாக அரைப்பார். எண்ணெய்க்கு இளகாத இடத்தில் அதை வைத்துப் பொத்திவிட்டுப் பேச்சி காத்திருப்பாள். பிறகு விரலை விடுவாள். சடைக்குள்ளிருந்து என்னென்னவோ வந்தது. குங்குமக் கட்டி, பூ கட்டிய நார், வேப்பிலைக் காம்பு, யாரோ வேண்டிக்கொண்டு சொருகிய மஞ்சள் நூல். பேச்சி எல்லாவற்றையும் ஓர் இலையில் எடுத்து வைத்தாள். அறுந்த முடியைத் தனியே சுருட்டி வைத்தாள்.

இருவரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஊர்க்கதைதான். எவள் வீட்டு ஆடு எவள் வீட்டுக் கீரையை மேய்ந்தது என்ற மாதிரி. நடுவில் அந்தப் பையனின் பேச்சு வரும். வந்தால் இரண்டு பேரும் சும்மா இருப்பார்கள். விரல் மட்டும் நிற்காது.

டீச்சரால்தான் சும்மா இருக்க முடியவில்லை. கொடை நெருங்கிவிட்டது. பாதிச் சடை அவிழ்ந்தது, பாதி பாக்கி. இந்தப் பாதியோடு ஊர்க்காரர்கள் வந்துவிட்டால்? வாசலுக்குப் போவார். ரோட்டைப் பார்ப்பார். வருவார்.

"இன்னும் எவ்வளவு இருக்கு?"

"உங்க நடை முடியுறதுக்குள்ள முடிஞ்சிரும், டீச்சர்," என்பாள் பேச்சி.

பிடரிக்கிட்ட வந்ததும் சிக்கு கல்லாக இருந்தது. அங்கே ஒரு முழுப் பகல் போயிற்று. பேச்சி ஒரு தரம்கூட இழுக்கவில்லை. வாயை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். பூரணம் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். தலைவலி வந்த பிறகு அன்றுதான் அவள் அப்படித் தூங்கியது.

தூங்கி எழுந்தபோது சடை இல்லை. மெலிந்து நைந்து அங்கங்கே அறுந்த முடி. தோளுக்குக் கொஞ்சம் கீழே வரை இருந்தது. ஆனால் முடி. பூரணம் கையைப் பின்னால் கொண்டுபோனாள். விரல் உள்ளே நுழைந்து வெளியே வந்தது. மறுபடி விட்டுப் பார்த்தாள்.

அடுத்த காலை உலகம்மை தேயிலையைக் கொதிக்க வைத்தார். எண்ணெய்ப் பிசுக்கு இறங்க, வடித்த தேயிலைத் தண்ணீரால் கடைசி அலசு. பானையை டீச்சரிடம் கொடுத்தார்.

"ஆறினதும் ஊத்துங்க."

அந்த நேரத்தில்தான் வந்தார்கள். ரோட்டில் வேன் வந்து நின்றது. முன்னால் ஊர்ப் பூசாரி. கையில் மாலை, பின்னால் கொட்டுக்காரர்கள். எல்லோருக்கும் பின்னால் பூரணத்தின் வீட்டுக்காரன். செருப்பை ரோட்டிலேயே கழற்றிவிட்டு வந்திருந்தான்.

"பேச்சியம்மனை அழைச்சிட்டுப் போக வந்திருக்கோம்," என்றார் பூசாரி. பேச்சை அதோடு நிறுத்திக்கொண்டார்.

ஓடைக்கரைக் கல்லில் பூரணம் குனிந்து உட்கார்ந்திருந்தாள். முடி முன்பக்கம் விழுந்து காற்றில் பிரிந்து பிரிந்து ஆடியது. பேச்சி பக்கத்தில் நின்று சீப்பில் சுற்றிய முடியை எடுத்துக்கொண்டிருந்தாள். டீச்சர் பானையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கொட்டுக்காரன் ஒருவன் அடிக்கக் குச்சியைத் தூக்கினான். பக்கத்தில் இருந்தவன் பிடித்துக்கொண்டான்.

"தா..." என்று ஆரம்பித்தான் வீட்டுக்காரன். முடியைப் பார்த்தான். வாய் திறந்தபடி நின்றது. எதைச் சொல்லிக் கூப்பிடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. பூரணம் முடிக்கு நடுவிலிருந்து அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கும் பயம்தான். பூசாரி என்ன சொல்லப்போகிறாரோ அதுதான் இனி அவளுக்கு வீடா, கோயிலா என்பது.

பூசாரியின் முகம் கறுத்துவிட்டது.

"சடை எங்கே?"

மாலையைக் கை மாற்றிப் பிடித்தார்.

"வெட்டினீங்களா?"

"ஒரு முடி வெட்டல," என்றாள் பேச்சி. "நுனியப் பாருங்க."

பூசாரி கிட்ட வந்தார். குனிந்து பார்த்தார். வெட்டு விழவில்லை என்பது தெரிந்தது. அவர் இன்னும் கலங்கிப் போனார். உலகம்மையிடம் வந்தார்.

"அவிழ்ந்திருக்கு. பாக்கத்தான் செய்யுதேன். ஆனா ஒண்ணு கேக்கணும். ஊருக்குப் பதில் சொல்லணும்லா நான்? சடையக் குடுத்தவ யாரோ அவ கைதான் அதை எடுக்கணும். குடுத்தவ எடுத்தா எங்களுக்குச் சந்தோசம், இந்தப் பிள்ளை வீட்டுக்குப் போகட்டும், ஒரு பேச்சு கிடையாது. வேற யாரு கையாவது பட்டிருந்தா குத்தம். ஊரு தாங்காது. கோயில்ல உக்காந்து இவ தீத்துத்தான் ஆகணும். மறைக்காம சொல்லுங்க."

சீயக்காய் கரைத்தது நான், முதலில் கை வைத்தது நான் என்று டீச்சருக்கு வாய் வரை வந்தது. விசிலைப் பிடிக்கக் கை பரபரத்தது. கையில் பானை இருந்தது. வெளிப்புறம் இன்னும் சுட்டது. ஆறவில்லை. பானையோடு அப்படியே நின்றார்.

"யாரு எடுத்தது?" என்றார் பூசாரி.

உலகம்மை பேச்சியைப் பார்த்தார். பேச்சி சீப்பிலிருந்து எடுத்த முடியை விரலில் சுற்றியபடி நின்றாள்.

"பேச்சி."